இல்லிக்குடம்

உபாத்தியாயர்களாகிய நம்மனோர்க்கு ஒரு வழக்கம் படிந்துவிடுகின்றது. யாதாயினும் ஒன்றைக் கற்பித்து முடித்தவுடன், அதில் எவ்வளவு மாணாக்கனிடத்து நின்றது என்று அளந்து பார்க்கின்றோம். நின்றது கல்வி, நில்லாதது வீண். இந்த அளவுகோல் பாடசாலைக்குப் பொருந்துவதே. இதனை முற்றும் விலக்கினாற் பாடசாலை நடவாது. ஆயின், எழுபதும் எண்பதும் கடந்தார், முன்கிழமை படித்ததை இக்கிழமை மறப்பார், ஒருங்குகூடி நூல் படிப்பாராயின், அவர் செயலை எக்கோல் கொண்டு அளப்பது? நில்லாத கல்வி கல்வியாகுமா? அவருள் ஒருவர் பிழைபடச் சொன்னாற் திருத்துவது அறமா, பொறுத்துப்போவது அறமா? இவ்வினாக்கள் நமக்கு நூலினின்று எழுந்தனவல்ல. நாம் செய்த ஒரு குற்றத்தினின்று எழுந்தன. ஆதலின் அதனையே முதற்கண் சொல்லுகின்றோம்.

வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், முதியோர் எண்மர் கூடி நூல் படித்து வருகின்றனர். இளைப்பாறிய உபாத்தியாயர் மூவர், தபாற் கந்தோரிலே கடமையாற்றியவர் ஒருவர், கமக்காரர் ஒருவர், இளமையிற் சுருட்டுக் கொட்டிலிலே தொழில் செய்தவர் ஒருவர், பெண்பாலார் இருவர். கூட்டத்தில் மூத்தவர்க்கு வயது 88. இளையவர்க்கு வயது 68, அவ்விளையவர் நாமே. கூட்டத்துக்குப் பெயரில்லை, தலைவர், காரியதரிசி என்போரும் இல்லை. ஒருவர் உரத்து வாசிப்பார். ஓரிடத்தில் நிறுத்துவார். மற்றொருவர் அதுவரை வந்ததன் கருத்தைத் தம் வாக்காற் சொல்லுவார். பின்னர் ஏனையோர் வினாவுவர்.

இம்முறை நாம் புதிதாகக் கண்டதன்று. நம் நாட்டுக் கோயில்களிற் கந்தபுராணப் படனம் நிகழும் முறையே இது. ஒருவர் செய்யுளை வாசிக்க, ஒருவர் பயன் சொல்ல, சபையோர் கேட்பர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய அப்பெருநூல் எழுத்தறியாதார் நெஞ்சிலும் ஏறியது இப்படனத்தாலேயாம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரமென்று வழங்கியதும் இதனை உட்கொண்டன்றோ! பயன் சொல்பவர் எத்துணைப் பெரிய பண்டிதராயினும், வழுவியவிடத்துச் சபையிலிருக்கும் முதியோர் குறுக்கிட்டுக் கேட்பதுண்டு. அதனை அவமதிப்பென்று கொள்வார் அரியர். சுருட்டுக் கொட்டில்களிலும் இத்தகைய கேள்விக்கு இடமிருந்தது. சுற்றுவோர் கை ஓயாது தொழில் செய்ய, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். அங்ஙனம் கேட்டே உலக விவகாரமெல்லாம் அறிந்தவர் எங்கள் கூட்டத்தவர். தம்மைப் 'படியாதவன்' என்று சொல்லிக்கொள்வார். வினாவுவதில் எங்கள் எல்லாரையும் வெல்வார். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்து, கல்லாதவனாயினும் கேட்கக்கடவன், அது தளர்ச்சி வந்தவிடத்து ஊன்றுகோல்போல உதவுமென்னும் கருத்தைச் சொல்லிவைத்தார். ஊன்றுகோலுடன் வந்து கதவோரத்தில் அதனைச் சார்த்திவிட்டு உட்காரும் இவரைக் காணுந்தோறும் அவ்வதிகாரம் நம் நினைவுக்கு வரும்.

சென்ற ஆண்டு தொட்டு நாங்கள் படித்து வருவது மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்களின் 'என் சரித்திரம்'. 1855இற் பிறந்த ஐயரவர்கள் அதனை 1940இல், தமது முதிர்ந்த வயதிலே, ஆனந்தவிகடனில் எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைய, சரித்திரம் நிறைவெய்தாது நின்றது. 1950இல் நூலுருப் பெற்றது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னே நடந்த வழியையும், உண்ட உணவையும், கேட்ட சொல்லையும் முறை பிறழாது எடுத்துரைக்கும் அந்த ஞாபகசக்தியை வியவாதவர் எங்களுள் இல்லை. வியப்போடு சிறிது அச்சமும் உண்டு. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோமென்று வீடு முழுதும் தேடிவிட்டு வந்தமர்ந்து அந்நூலைப் படிக்கின்றோமன்றோ!

ஐயரவர்கள் சீவகசிந்தாமணியை ஆராய்ந்த வரலாறு வரும் பகுதியிலே நம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் வருகின்றார். அப்பகுதி படித்த நாளிற் கருத்துச் சொல்லும் முறை எங்களுள் மூத்தவராகிய பெரியவருக்கு வந்தது. அவர் முன்னாளில் நமக்கு அரிவரி கற்பித்தவர். பிள்ளையவர்களின் பெயரைக் கேட்டமாத்திரத்தே அவர் முகம் மலர்ந்தது. "சிந்தாமணியை முதன்முதல் முழுதும் அச்சேற்றி உலகுக்குத் தந்தவர் எங்கள் தாமோதரம்பிள்ளையவர்களே, ஆண்டு 1889" என்றார்.

நாம் உடனே குறுக்கிட்டோம். "இல்லை ஐயா. சிந்தாமணியைப் பதிப்பித்தவர் சாமிநாதையர், ஆண்டு 1887. அதே ஆண்டிற் பிள்ளையவர்கள் பதிப்பித்தது கலித்தொகை. 1889இற் பதிப்பித்தது சூளாமணி. நீங்கள் சூளாமணியைச் சிந்தாமணியென்று மாறிச் சொல்லுகிறீர்கள்." இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயின் நாம் அவ்வளவில் நிற்கவில்லை. புத்தகத்தை நம் பக்கம் இழுத்துக்கொண்டு, வீரசோழியம் 1881, இறையனாரகப்பொருள் 1883, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885 என்று பிள்ளையவர்களின் பதிப்புக்களை அடுக்கி, அன்றைய கருத்து முழுவதையும் நாமே சொல்லி முடித்தோம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டிலிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

கூட்டத்திலே இது குறித்து வாதம் எழுந்தது. தபாற் கந்தோர் அன்பர், "எண்பத்தெட்டு வயதிலே ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் யாருக்கு நட்டம்? நாங்கள் சோதினைக்கா படிக்கின்றோம்? கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்" என்றார். கருணையுடையார் பலரும் இவ்வாறே சொல்லுவர். முதலிற் கேட்கும்போது நமக்கும் அது சரியாகவே தோன்றியது. ஆராயுந்தோறும் அதனை ஏற்க இயலவில்லை.

ஏனெனிற் கூறுதும். முதியோர் ஞாபகம் அவர்க்கு மட்டும் உரிய பொருளன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது 97,000 அளவான நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, எங்கள் வாசிகசாலை அலுமாரியிலிருந்தவையும் போயின. திரும்பி வந்தபோது கூரையுமில்லை. அந்த அலுமாரியில் இருந்தவை யாவை, எப்பதிப்பு எப்பக்கம் கிழிந்திருந்தது, யார் அன்பளிப்புச் செய்தது என்பவற்றுக்கு இன்று இம்முதியோர் சொல்லன்றி வேறு இடாப்பு இல்லை. தம் பாட்டியாரைக் கைபிடித்து அழைத்துவரும் பெண்பிள்ளையொருத்தி வாயிற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். உயர்தரத்திலே தமிழ் படிக்கின்றவள். பெரியவர் சொன்னதென்று சிந்தாமணியைத் தாமோதரம்பிள்ளை பதிப்பென்று அவள் எழுதினால், அது பிள்ளையவர்களுக்கும் பெருமையன்று. அவர் செய்த பெருந்தொண்டுக்குப் பிறர் தொண்டை இரவல் வாங்க வேண்டியதில்லை.

அதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. நாம் யாருடைய பிழையைத் திருத்தாது விடுகின்றோம்? தொட்டிற் குழந்தையின் மழலையைத் திருத்துவதில்லை. காய்ச்சலிற் பிதற்றுவோன் சொல்லைத் திருத்துவதில்லை. இவர் சொல்லை நாம் சொல்லாகவே எண்ணுவதில்லை. 'பாவம், சொல்லிவிட்டுப் போகட்டும்' என்று ஒருவரைப் புன்னகையோடு கேட்டிருத்தல், அவரைச் சபையில் இருத்திக்கொண்டே சபையினின்று நீக்குவதாகும். அது கருணையின் வேடம் பூண்ட அலட்சியம். படனத்திலே பண்டிதரைக் குறுக்கிட்டவர்கள் அவரை மதித்தமையாலேயே குறுக்கிட்டார்கள்.

அங்ஙனமாயின் நாம் செய்தது குற்றமன்றே எனின், குற்றமே. எங்கே குற்றம் என்பது நமக்கு விளங்கச் சில நாட்கள் சென்றன. திருத்தும்போது நம்முள்ளே ஒரு சிறு மகிழ்ச்சி எழுந்தது என்பதை ஒளிப்பதிற் பயனில்லை. நாற்பது ஆண்டு சிவப்பு மை கொண்டு கோடிட்ட கைக்கு, எழுத்தறிவித்தவர் தாளிலும் கோடிடக் கிடைத்த மகிழ்ச்சி அது. பிழையைத் திருத்த ஒரு வாக்கியம் போதும். நாம் சொன்னவை இருபது வாக்கியம். எஞ்சிய பத்தொன்பதும் யாருக்காக?

இதனைச் சுருங்கச் சொல்லியவர் எங்கள் கூட்டத்து மூதாட்டியார் ஒருவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கண்ணிற் படலம் மூடியமையால் இப்போது எழுத்துத் தெரியாது. கந்தபுராணத்திலே எவ்விடத்தைத் தொட்டாலும் மேற்செய்யுளைச் செவியறிவாலே சொல்லுவார். அவர் கேட்டது ஒரு கேள்வி: "தம்பி, நீங்கள் திருத்தினது பிழையில்லை. திருத்தின பிறகு அவரைச் சொல்லவிட்டீர்களோ?"

மறுநாள் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். வழக்கம்போல இன்முகத்தோடு இருத்தித் தேநீர் தந்தார். கூட்டத்துக்கு அழைத்தபோது மாத்திரம் கையசைத்து மறுத்தார். "தம்பி, கோபமில்லை. எனக்கு ஒன்றும் நிற்கிறதில்லை. வாசிக்கும்போது இனிக்கிறது, படலையைத் தாண்டமுன் போய்விடுகிறது. நன்னூலிலே கடைமாணாக்கருக்கு என்ன உவமை என்று உமக்குத் தெரியுமே? அந்த இல்லிக்குடம் நான்தான்" என்றார்.

பவணந்தியார் கடைமாணாக்கர்க்குக் கூறிய உவமைகளுள் இல்லிக்குடம் ஒன்று. எவ்வளவு வார்த்தாலும் ஓட்டைவழியே ஒழுகவிடும் குடம். எத்தனை மாணாக்கரை நாம் அப்பெயரால் ஏசியிருப்போம்! அவ்வுவமையை ஓர் ஆசிரியர் தமக்கே சூட்டிக்கொண்டு நம் முன்னிருந்தபோது மறுமொழி வரவில்லை. தேற்றம் சொல்ல வாயெடுத்தோம்; சொல்லக்கருதிய ஒவ்வொன்றும் வழியிலேயே பழுதுபட்டது.

உரோமாபுரிச் சிசரோ என்பார் கி. மு. 44இல் முதுமையைப் பற்றி ஒரு நூல் செய்தார். அதிலே கேற்றோ என்னும் முதியவர், தான் புதையல் வைத்த இடத்தை மறந்த கிழவனைப் பற்றி யாம் கேட்டதில்லை என்று நகையாடுகின்றார். அதாவது, அக்கறையுள்ளது மறவாது என்பது அவர் கொள்கை. அவர் முதுமையிலே கிரேக்கம் கற்றவர். பகலிற் சொன்னதையும் கேட்டதையும் செய்ததையும் மாலையில் நினைத்துப் பார்த்து நினைவைப் பயின்றவராகவும் அந்நூலிற் பேசுகின்றார். ஊக்கந்தரும் பேச்சென்பதில் ஐயமில்லை. ஆயின் உடல் நலமுள்ள கிழவரின் பேச்சு அது. மூளையின்கண் நேரும் நோயால் பெற்ற பிள்ளையின் பெயரையே மறப்போர் உளர் என்பதை இன்று யாவரும் அறிவோம். பிள்ளைமேல் அவர்க்கு அக்கறையில்லையென்று யார் துணிவார்? கேற்றோவின் சொல்லைப் பெரியவரிடம் சொல்லியிருந்தால், மறதியோடு பழியையும் அவர் தலையில் வைத்தவராயிருப்போம்.

இனி, நம் சித்தாந்தம் சொல்லும் தேற்றம் ஒன்றுண்டு. மனம், புத்தி, சித்தம், அகங்காரமென்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியங்கள், ஆன்மாவுக்குக் கருவிகள், ஆன்மாவல்ல. ஆகவே நினைவு தளருங்கால் தளர்ந்தது கருவியேயன்றிக் கருவியை உடையான் அல்லன். வகுப்பிலே இதனைப் பன்முறை கற்பித்துள்ளோம். ஆயினும் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தல் தகாது. கருவி கரணங்களோடு கூடாத கேவலநிலையிலே ஆன்மா ஒன்றையும் அறியமாட்டாது என்பதும் அதே சித்தாந்தமன்றோ? கண் மழுங்கினாற் காட்சி மழுங்கத்தான் செய்யும். 'உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை ஐயா' என்பது பொய். குறைந்ததை அவரே அறிவார்.

பொய்யல்லாத பகுதி வேறொன்று. ஆன்மா தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது. கண்ணும் ஒளியும் உடனிருந்து காட்டக் காண்பது. வாசிகசாலையிலே நாங்கள் ஞாயிறுதோறும் செய்வது இதன் ஒரு சிறு நிழலென்றே சொல்லலாம். படலம் மூடிய கண்ணுடையார்க்கு மற்றொருவர் கண் கருவியாகின்றது. காது மந்தமானார்க்கு அடுத்திருப்பவர் உரத்துச் சொல்லும் வாக்குக் கருவியாகின்றது. ஆண்டு மறந்தவர்க்கு நாம் ஆண்டு சொல்லுகின்றோம். ஆண்டு மட்டும் அறிந்த நமக்கு, அந்நாளில் ஒரு நூல் அச்சாகிக் கைக்கு வந்தால் ஊர் எப்படி மகிழ்ந்தது என்பதைத் தம் பாட்டனார் சொல்லக் கேட்டபடி அவர் சொல்லுகின்றார். தனியே எடுத்தால் எங்களுள் ஒருவரும் முழுக் குடம் அல்லர்.

இவ்வளவும் நாம் பின்னர் எண்ணியவை. அன்று வெறுங்கையோடு திரும்பினோம். ஞாயிறன்று கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, இல்லிக்குடமென்றால் இன்னதென்று மூதாட்டியாருக்கு விளக்கினோம். அவர் சிறிது யோசித்து, "கோயிலிலே சுவாமிக்கு மேலே தொங்குகிறதும் ஓட்டைச் செம்புதானே?" என்றார்.

சிவலிங்கத்தின்மேல் தூக்கியிருக்கும் தாராபாத்திரத்தைச் சொன்னார். அடியிலே துளையிட்டு, நீர் துளித்துளியாக விழும்படி அமைத்தது அது. துளையில்லாத பாத்திரத்தை அங்கே தூக்கினால் யாது பயன்? நன்னூலை நாற்பது ஆண்டு கற்பித்த நமக்கு இது தோன்றவில்லை. உபாத்தியாயர் அல்லவா, உடனே உவமையிற் குற்றம் தேடினோம்: தாராபாத்திரத்தின் நீர் விழவேண்டிய இடத்தில் விழுகின்றது; பெரியவரிடமிருந்து ஒழுகியது எங்கே விழுந்தது? தேடிய கண்ணுக்கு விடையும் அகப்பட்டது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876இல் இறந்த பகுதியைப் படித்த நாளிலே, பெரியவர் தம் ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். அவ்வாசிரியர் கடைசிக் காலத்திற் கண்ணொளி இழந்தவர். பள்ளிக்கூடம் விட்டபின் சிறுவனாகிய இவர் போய்க் கந்தபுராணம் வாசித்துக் காட்டவேண்டும். ஒருநாட் பசி தாங்காது இடையிடையே செய்யுட்களைத் தாண்டித் தாண்டி வாசித்து விரைவில் முடித்துவிட்டார். கண்ணில்லாதவர் ஒன்றும் சொல்லாது முடிவுவரை கேட்டிருந்தார். பின்னர், "தம்பி, பசிக்கிறதோ?" என்று கேட்டு, உள்ளே குரல்கொடுத்து உணவிடச் செய்தார். உண்டபின், விட்ட செய்யுட்களை ஒவ்வொன்றாக அடியெடுத்துக் கொடுத்து வாசிப்பித்தார்.

அடுத்த கிழமை நாம் இக்கதையை எடுத்தபோது, தாம் அதைச் சொன்னதாகவே பெரியவருக்கு நினைவில்லை. "நான் சொன்னேனோ?" என்றார். சொன்னவர் மறந்தார், கேட்ட எழுவரும் மறக்கவில்லை. நாம் மறக்கவில்லையே தவிர, அதற்குச் சில கிழமைகளின்பின் புத்தகத்தை அவர் முன்னிருந்து இழுத்தபோது அது நமக்கு உதவவுமில்லை. மறவாமை ஒன்றே கல்வியாயின், அன்று நாம் அதனை நன்கு கற்றவராயிருந்தோம்.

இரண்டாமுறை பெரியவர் வீட்டுக்குப் போனது தேற்றுதற்கன்று. புத்தகத்தையும் கொண்டு போனோம். அடையாளத் தாள் அன்று நின்ற பக்கத்திலேயே இருந்தது. "ஐயா, உங்கள் முறை முடியவில்லை. நான் சொன்னது கணக்கில்லை என்று கூட்டம் தீர்த்துவிட்டது. மூன்று கிழமையாகப் பழைய பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறோம்" என்றோம்.

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "திரும்பவும் பிழையாய்ச் சொல்லுவேன்" என்றார்.

"சொல்லுங்கள் ஐயா. திருத்துவோம்."

நெடுநேரம் நம்மைப் பார்த்திருந்தார். பின்பு, "திருத்துவீர்களென்றால் வருகிறேன். தலையாட்டிக்கொண்டு இருப்பீர்களென்றால் வரமாட்டேன். வீட்டிலே எல்லாரும் இப்போது தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள்" என்றார்.

அந்த ஞாயிறு வந்தார். விட்ட இடத்திலிருந்து கருத்துச் சொல்லத் தொடங்கி, தாமோதரம்பிள்ளையவர்கள் சிந்தாமணியை அச்சேற்றினார் என்று மறுபடியும் சொன்னார். நாம் வாய் திறக்குமுன் சுருட்டுக் கொட்டில் அன்பர், "சூளாமணி, ஐயா" என்றார். "ஓம், சூளாமணி" என்று பெரியவர் ஏற்றுக்கொண்டு, நிறுத்தாமல் மேலே சொல்லிக்கொண்டு போனார். அன்று பொழுதுபட்டு விளக்கேற்றியபின்னும் அவர் முறை முடியவில்லை. இந்நூல் முடிந்தபின் எதனைப் படிப்பதென்று இப்போது வாதம் நடக்கின்றது. மூதாட்டியார் 1852இல் நாவலரவர்கள் வெளியிட்ட பெரியபுராண வசனம் வேண்டுமென்கின்றார். கமக்காரர் பாரதம் என்கின்றார். தபாற் கந்தோர் அன்பரோ, ஐயரவர்கள் சரித்திரம் இடையில் நின்றுவிட்டமையால் அதன்பின் நடந்தவற்றை எங்கிருந்தாயினும் தேடிப் படித்தாலன்றி வேறு நூலைத் தொடக்கூடாதென்று பிடிவாதமாயிருக்கின்றார்.